பொதிக்கு முன்னால் ஓடும் செய்தி

கனடாவின் அஜக்ஸ் நகரின் வீடொன்றில், வாசற்படியில் பெட்டியை வைத்துவிட்டு டெலிவரி சாரதி அதைப் படம் எடுக்கிறார். இரண்டு விநாடி வேலை. அந்தப் படம் வாங்கியவரின் கைத்தொலைபேசிக்கும், விற்றவரின் கணக்குக்கும், பொதி நிறுவனத்தின் தரவுக் களஞ்சியத்துக்கும் போய்ச் சேர்கிறது. அந்தப் பெட்டியைப் பற்றிப் பிறந்த கடைசிச் செய்தி அது. முதற்செய்தி, பெட்டி இருந்த இடத்தைவிட்டு அசைவதற்கு முன்னரே பிறந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் பெட்டி பல இடங்களில் ஸ்கேன் செய்யப்பட்டு, நிறுக்கப்பட்டு, நீள அகலம் அளக்கப்பட்டு வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பொதி நிறுவனம் என்றால் வான்களும் விமானங்களும்தான். ஆனால் எந்த வான் எந்தத் தெருவுக்கு எப்போது போக வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிவதில்தான் அந்த நிறுவனத்தின் இலாபமும் நட்டமும் தீர்மானமாகின்றன.

இதை விளக்க அஜக்ஸைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். 1941இல் இங்கே வயலும் காடுமாக இருந்த நிலத்தில் போர்க்கால எறிகணைத் தொழிற்சாலை எழுந்தது; அதைச் சுற்றி வளர்ந்ததே இந்த நகரம். 1939 டிசம்பரில் தென் அமெரிக்கக் கரையோரம் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே கப்பலை எதிர்த்து நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரை ஊருக்குச் சூட்டினார்கள். அந்தச் சண்டைக்குத் தலைமை தாங்கிய ஹென்றி ஹார்வுட்டின் பெயரில் ஹார்வுட் அவெனியூ இருக்கிறது. மாலுமிகள் பலரின் பெயர்களில் தெருக்கள் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மக்கள்தொகை 126,666. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, வீடு வாங்கும் வசதி வந்ததும் 401 நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கி நகர்ந்து இங்கே வந்து சேர்ந்தன. அவர்களுக்குப் பின்னால் பண்டகசாலைகளும் வந்தன. சேலம் வீதியில் 10 இலட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட அமேசன் பண்டகசாலை நிற்கிறது. மேற்கே, ஸ்காபரோவின் டாப்ஸ்கொட் வீதியில், கனடா போஸ்ட் நிறுவனம் 2023இல் திறந்த மாபெரும் பொதி பிரிப்பு நிலையம் இருக்கிறது. ஒரே தெருவுக்குப் பொதி கொண்டுவரும் இந்த இரண்டு கட்டடங்களும் வெவ்வேறு உத்திகளின் வடிவங்கள்.

அமேசன் பாணிப் பண்டகசாலைக்குள் முதன்முறை நுழைபவர் திகைப்பார். ஒரே தட்டில் பல்துலக்கியும் சமையல் புத்தகமும் குழந்தையின் காலுறையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கடைக்காரர் யாரும் இப்படி அடுக்கமாட்டார். பொருள் வந்ததும் எங்கே இடம் காலியோ அங்கே வைத்துவிட்டு, பொருளையும் தட்டையும் ஸ்கேன் செய்வதுதான் இங்கே நடைமுறை. எது எங்கே என்பதை மனிதர் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை, கணினி வைத்திருக்கிறது. இதனால் இடம் வீணாவதில்லை. ஒரே பொருள் பல மூலைகளில் இருப்பதால், எடுக்க வருபவருக்கு ஏதாவதொன்று அருகில் அகப்படும். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு சட்டைகள் அடுத்தடுத்து இல்லாததால் மாறி எடுக்கும் பிழையும் குறைகிறது. 2012இல் கீவா சிஸ்டம்ஸ் என்ற ரோபோ நிறுவனத்தை அமேசன் 77.5 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. அதன் பிறகு அமேசனின் பல நிலையங்களில் பணியாளர் தட்டைத் தேடி நடப்பது நின்று, தட்டே ரோபோவின் முதுகில் ஏறிப் பணியாளரிடம் வரத் தொடங்கியது.

ஆனால் அந்தக் கட்டடத்தின் உண்மையான வேலை, வாங்குபவர் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அஜக்ஸ் அடங்கிய டர்ஹம் பிரதேசத்தில் அடுத்த வாரம் எந்தப் பொருளை எத்தனை பேர் கேட்பார்கள் என்று பழைய விற்பனைத் தரவுகளை வைத்துக் கணித்து, அதை முன்கூட்டியே அருகில் கொண்டுவந்து வைப்பதுதான் அடுத்த நாள் டெலிவரியின் இரகசியம். 2013இல், யாரும் கேட்பதற்கு முன்னரே பொதியை ஒரு பகுதியை நோக்கி அனுப்பத் தொடங்கும் முறைக்கு அமேசன் காப்புரிமையே பெற்றது. வேகமான வானை ஓட்டி வென்றதாகத் தெரியும் இடத்தில், அது குறுகிய தூரத்தை வைத்து வென்றிருக்கிறது.

பொதி நகர வேண்டுமானால் அதற்கு முகவரி வேண்டும்; அந்த முகவரி இயந்திரத்துக்குப் புரிய வேண்டும். கனடாவின் அஞ்சல் குறியீடு 1971இல் ஒட்டாவாவில் தொடங்கி, 1974 அளவில் நாடு முழுவதும் பரவியது. எழுத்து, எண், எழுத்து, பிறகு எண், எழுத்து, எண் என ஆறு இடங்கள். ரொறன்ரோ நகரத்துக்கு முதலெழுத்து எம். அதைச் சூழ்ந்த பகுதிகளுக்கு எல். அஜக்ஸின் குறியீடுகள் எல்1எஸ் (L1S), எல்1டி (L1T), எல்1இசட் (L1Z) என்று தொடங்கும். முதல் மூன்று இடங்கள் பகுதியைச் சொல்கின்றன. பின் மூன்று இடங்கள் நகரத்தில் ஒரு தெருத்துண்டின் ஒரு பக்கத்தையோ ஒரேயொரு அடுக்குமாடிக் கட்டடத்தையோ காட்டும் அளவுக்கு நுணுக்கமானவை. இயந்திரக் கண்ணுக்குக் குழப்பம் தரும் டி (D), எஃப் (F), ஐ (I), ஓ (O), க்யூ (Q), யூ (U) ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகள் எந்தக் குறியீட்டிலும் இல்லை. ஓ எழுத்து சுழியம் போலவும் ஐ எழுத்து ஒன்று போலவும் தெரிந்துவிடும் என்பதே காரணம். டபிள்யூவும் இசட்டும் முதலிடத்தில் வருவதில்லை. இத்தனையையும் கழித்த பிறகும் 72 இலட்சம் குறியீடுகளுக்கு இடமிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு 40000 என்று ஐந்து இலக்கமும், 1972 ஆகஸ்ட் 15இல் இந்தியா கொண்டுவந்த ஆறிலக்கப் பின்கோடும் எழுதிப் பழகியவர்களுக்கு, கனடாவின் குறியீடு முதலில் சிக்கலாகத் தோன்றும். பொதி பிரிப்பவருக்கு அது பெரிய வரம்.

முகவரி இடத்தைச் சொல்கிறது. பொதியைத் தனித்து அடையாளம் காட்டுவது தொடர் எண். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பதிவுத் தபாலில் அஜக்ஸுக்கு வரும் பொதியில் உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி 13 இடங்கள் கொண்ட எண் ஒட்டப்பட்டிருக்கும்: சேவையைச் சொல்லும் இரண்டு எழுத்துகள், ஒன்பது இலக்கங்கள், அனுப்பிய நாட்டைச் சொல்லும் இரண்டு எழுத்துகள். ஒன்பது இலக்கங்களில் முதல் எட்டுத்தான் உண்மையான எண். ஒன்பதாவது ஒரு காவலாளி.

அந்தக் காவலாளி எப்படி வேலை செய்கிறது என்பதைக் காகிதமும் பேனாவும் இருந்தால் யாரும் பார்த்துவிடலாம். எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். 12345678 என்ற எண்ணை எடுத்தால் கூட்டுத்தொகை 204. 11ஆல் வகுத்தால் மீதி 6. எனவே ஒன்பதாவது இலக்கம் 5. (விடை 10 வந்தால் 0 என்றும் 11 வந்தால் 5 என்றும் எழுதுவது விதி.) இப்போது களைத்துப்போன ஒருவர் ஆறையும் ஏழையும் இடம் மாற்றி 12345768 என்று தட்டச்சு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 200 ஆகிறது, மீதி 2, ஒன்பதாவது இலக்கம் 9 ஆக இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 5. கணினி உடனே மறுத்துவிடும். பொதி தவறான நாட்டுக்குப் பறந்து திரும்பும் செலவை ஒரேயொரு இலக்கம் தடுத்துவிடுகிறது. சிறு வகுப்புக் கணக்கு இத்தனை பெரிய வணிகத்தைத் தாங்கி நிற்பது வியப்புக்குரிய விடயம்.

டாப்ஸ்கொட் வீதி நிலையத்தில் இந்த எண்களும் குறியீடுகளும் இயந்திரத்தைச் சந்திக்கின்றன. 585,000 சதுர அடி. 47 கோடி டொலர் செலவு. முழுத் திறனில் நாளொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகள். இத்தகைய நிலையங்களில் பட்டியில் ஓடிவரும் பெட்டியை மேலும் கீழும் பக்கங்களிலும் கமராக்கள் படம் பிடிக்கின்றன. பட்டைக் கோடுகளும் அஞ்சல் குறியீடும் வாசிக்கப்படுகின்றன. பெட்டி அடுத்த வளைவை அடைவதற்குள் அது எந்தச் சரிவில் விழ வேண்டும் என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. கசங்கிய தாளில் கோணலாக எழுதிய முகவரியை இயந்திரம் வாசிக்கத் தவறினால், படம் ஒரு மனிதரின் திரைக்குப் போகிறது. அவர் வாசித்துச் சொல்கிறார்.

அந்த நிலையத்துக்கு ஆல்பர்ட் ஜாக்சன் என்ற பெயர். அமெரிக்காவின் டெலவெயரில் அடிமைத்தளையில் பிறந்து, குழந்தையாகத் தாயுடன் கனடாவுக்குத் தப்பி வந்தவர் அவர். 1882இல் ரொறன்ரோவில் தபால்காரராக நியமிக்கப்பட்டார். வெள்ளையினத் தபால்காரர்கள் அவருக்கு வேலை பழக்க மறுத்தார்கள். அவரைக் கட்டடத்துக்குள்ளேயே சிப்பந்தியாக வைத்தது நிர்வாகம். நகரத்தின் கறுப்பினச் சமூகம் எதிர்த்துக் கூட்டம் கூட்டியது. பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் வரை விவகாரம் போன பிறகே அவர் கடிதப் பையைத் தோளில் மாட்டினார். 1918இல் இறக்கும்வரை மாட்டியிருந்தார். அவருக்குத் தர மறுக்கப்பட்டது சம்பளம் மட்டும் என்று நினைக்கக் கூடாது. எந்தத் தெருவில் எந்த ஒழுங்கில் நடப்பது, எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்ற அறிவைத்தான் சக ஊழியர்கள் பூட்டிவைத்தார்கள். தபால் தொழிலில் அறிவே அதிகாரமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த அறிவு இப்போது கணினிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பதே வேறுபாடு.

அறிவை விற்பனைப் பொருளாக்கலாம் என்று முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் பெடெக்ஸ் நிறுவனர் பிரெட் ஸ்மித். 1973 ஏப்ரலில் மெம்பிஸ் நகரில் 14 விமானங்களோடு தொடங்கிய முதல்நாள் இரவில் அவர்கள் கொண்டுபோனது 186 பொதிகளை. பொதியைப் பற்றிய தகவலும் பொதியளவுக்கே முக்கியம் என்பது ஸ்மித்தின் திடமான நம்பிக்கை. 1979இல் கொஸ்மொஸ் என்ற மையக் கணினி அமைப்பு வந்தது. 1986இல் சாரதிகளின் கையில் ஸ்கேனர் வந்தது. 1994இல் வாடிக்கையாளர் தாமே இணையத்தில் பொதி எங்கே என்று பார்க்க முடிந்தது. விலையைக் கூட்டிக் கேட்கும் துணிவை இந்த அமைப்பே அவர்களுக்குக் கொடுத்தது. மருத்துவமனைக்கு அவசர உதிரிப்பாகம் அனுப்புபவர், பொதி வேகமாகப் போவதற்கு மட்டுமல்லாமல், அது எங்கே நிற்கிறது என்ற நிம்மதிக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார்.

1975இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் சேவையை ரொறன்ரோவில் தொடங்கிய யூபிஎஸ் நிறுவனம் வேறு திசையில் கணினியைத் திருப்பியது. அதன் கவலை செலவு. ஒரு சாரதி பத்து வீடுகளுக்குப் போக வேண்டுமென்றால், எந்த ஒழுங்கில் போகலாம் என்பதற்கு 3,628,800 வழிகள் உண்டு. யூபிஎஸ் சாரதி ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 120 இடங்களில் நிறுத்துகிறார். அதற்கான வழிகளின் எண்ணிக்கையை எழுதினால் 199 இலக்கங்கள் வரும். உலகத்தின் கணினிகளெல்லாம் சேர்ந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க முடியாது. ஆகவே ஓரியன் என்ற மென்பொருள் ஆகச்சிறந்த வழியைத் தேடுவதில்லை. மிக நல்ல வழியொன்றைச் சில விநாடிகளில் கண்டுபிடித்துவிட்டு நிற்கிறது. அமெரிக்காவில் சுமார் 55,000 தடங்களில் 2016 அளவில் இது நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 10 கோடி மைல் ஓட்டமும் ஒரு கோடி கலன் எரிபொருளும் மிச்சமாவதாக யூபிஎஸ் சொல்கிறது. ஒவ்வொரு சாரதியும் தினமும் ஒரேயொரு மைல் குறைவாக ஓடினால் ஆண்டுக்கு 5 கோடி டொலர் மிஞ்சும் என்பது அவர்கள் கணக்கு.

இடப்பக்கம் திரும்புவதைத் தவிர்க்கும் பழக்கமும் யூபிஎஸ்ஸுக்கு உண்டு. வலப்பக்கமாக வாகனம் ஓடும் நாட்டில் இடம் திரும்ப, எதிர்வரும் வண்டிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். எரிபொருள் எரியும், விபத்தும் கூடும். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இதே கணக்கைப் போட்டால் வலம் திரும்புவதைத்தான் தவிர்க்க வேண்டியிருக்கும்.

இவற்றோடு ஒப்பிடும்போது கனடா போஸ்ட்டின் நிலை வேதனை தருகிறது. 2006இல் 550 கோடி கடிதங்களைச் சுமந்த நிறுவனம் 2023இல் 220 கோடியைத்தான் சுமந்தது. பெருந்தொற்றுக்கு முன் கனடாவின் பொதிச் சந்தையில் 62 வீதம் தன்னிடம் இருந்ததாகவும் 2023இல் அது 29 வீதமாகச் சரிந்ததாகவும் நிறுவனமே சொல்கிறது. 2024இல் வரிக்கு முந்திய நட்டம் 84.1 கோடி டொலர். 2025 ஜனவரியில் மத்திய அரசு நூறு கோடி டொலருக்கும் சற்று அதிகமான கடனைக் கொடுத்துத் தாங்கிப்பிடித்தது. டாப்ஸ்கொட் வீதியில் உலகத்தரமான பிரிப்பு நிலையத்தை வைத்துக்கொண்டே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏன்? பொதி பிரிக்கும் இயந்திரம் ஒரு காலத்துக்கு உரியதாகவும், வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒழுங்கு இன்னொரு காலத்துக்கு உரியதாகவும் இருந்தன. கடித யுகத்தில் தபால்காரரின் தடம் தேர் ஓடும் வீதி போல நிலையானது. அநேகமாக எல்லா வீட்டுக்கும் தினமும் ஏதாவது வரும்; ஆகவே ஒரு தடவை அளந்து வகுத்த தடம் பல வருடங்களுக்குப் பொருந்தும். பொதி யுகத்தில் அப்படியில்லை. இன்று ஹார்வுட் அவெனியூவில் ஐந்து வீடுகளுக்கும் நாளை முப்பது வீடுகளுக்கும் பொதி வரலாம். அந்த எண்ணிக்கை முதல்நாள் இரவே பிரிப்பு நிலையத்தின் கணினிக்குத் தெரியும். காலையில் வான் புறப்படும்போதோ, பழைய தடம் பழைய தடமாகவே இருக்கும். தெரிந்த செய்தியைப் பயன்படுத்த வழியில்லாமல் போனது. போட்டி நிறுவனங்கள் அன்றன்றைக்குத் தடம் வரைந்தன. சனி, ஞாயிறும் கொடுத்தன. அஜக்ஸ், மார்க்கம் போன்ற நெருக்கமான ஊர்களைத் தெரிந்தெடுத்துக்கொண்டன. நுனாவுட்டின் பனிவெளிக் குடியிருப்புக்கும் போக வேண்டிய கடமை கனடா போஸ்ட்டின் தோளில் மட்டுமே இருந்தது. இந்தக் கடமையை மறந்துவிட்டு இலாப நட்டத்தை மட்டும் ஒப்பிடுவது நியாயமாகாது.

2024 நவம்பர் 15இல் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த கனடா போஸ்ட் வேலைநிறுத்தத்தின் பின், வில்லியம் கப்லான் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2025 மே மாதம் வந்த அறிக்கை, வார இறுதி டெலிவரிக்குப் பகுதிநேர ஊழியர்களையும், தினமும் மாறும் தடங்களையும் பரிந்துரைத்தது. இரண்டாவது பரிந்துரை ஒரு மென்பொருளைப் பற்றியது. அதைக் கனடிய அஞ்சல் தொழிலாளர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. தொழிலாளர்கள் மாற்றத்துக்குப் பயந்தவர்கள் என்று சொல்லி இந்த எதிர்ப்பைத் தள்ளிவிடுவது அறியாமை. 1975இல் இதே சங்கம் அஞ்சல் குறியீட்டையே புறக்கணிக்கும்படி பொதுமக்களைக் கேட்டது. குறியீடு தவறானது என்று அவர்கள் சொல்லவில்லை. குறியீட்டை வாசிக்கும் இயந்திரம் வந்ததும் பிரிப்பவரின் தகுதியும் கூலியும் குறைக்கப்படும் என்றுதான் அஞ்சினார்கள்.

இன்றைய அச்சத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. தடம் தினமும் மாறினால் அன்றைய வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று சாரதிக்குத் தெரியாது. யூபிஎஸ் தன் வண்டிகளில் 200க்கும் மேற்பட்ட அளவீடுகளைச் சேகரிக்கும் உணரிகளைப் பொருத்தியிருக்கிறது: எப்போது கதவு திறந்தது, எவ்வளவு நேரம் இயந்திரம் சும்மா ஓடியது, இருக்கைப் பட்டி போட்டாரா என்பதெல்லாம் பதிவாகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தும் அதே தரவு, மனிதரை விநாடிக் கணக்கில் விரட்டவும் உதவும். பொதிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒப்பந்தச் சாரதிகளுக்கோ பெரும்பாலும் சங்கமும் இல்லை. ரொறன்ரோ பெரும்பாகத்தில் புதிதாக வந்து இறங்குபவர்கள் முதலில் பிடிக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. அவர்களில் தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

கணினிக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. அஜக்ஸிலும் ஸ்காபரோவிலும் ஒரே வீட்டு எண்ணுக்குள் மேலே ஒரு குடும்பம், பேஸ்மென்ட்டில் இன்னொரு குடும்பம் வாடகைக்கு இருப்பது சாதாரணம். அஞ்சல் குறியீட்டுக்கும் வரைபடத்துக்கும் அது ஒரே வாசல். பக்கத்துக் கதவைத் தட்ட வேண்டும், பனி உறைந்தால் பின்புறப் படி வழுக்கும், பகலில் அம்மம்மா மட்டும்தான் இருப்பார், அவர் மணியடித்தால் மெதுவாகத்தான் வருவார் என்பவை பல வருடம் அந்தத் தெருவில் நடந்தவருக்கே தெரியும். யூபிஎஸ் ஓரியனைப் பரப்பியபோதும் இதே சிக்கல் வந்தது: வரைபடத்தில் இல்லாத பின்வாசல்களையும் கடைகளின் சரக்குக் கதவுகளையும் சேர்த்த பிறகே, சாரதிகளின் நீண்டகால அனுபவத்தை மதித்த பிறகே, மென்பொருள் ஓடத் தகுந்ததாயிற்று.

ஆகவே கனடா போஸ்ட் தினமும் தடம் வரையும் மென்பொருளை ஏற்க வேண்டும். அது இல்லாமல் அஜக்ஸ் போன்ற ஊரில் பொதிச் சந்தையை மீட்க முடியாது. ஆனால் அன்றைய வேலை நேரத்துக்கு மேலெல்லை, ஸ்கேன் தரவைத் தண்டனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி, தடத்தைத் திருத்தும் உரிமை தபால்காரருக்கும் உண்டு என்ற ஏற்பாடு ஆகிய மூன்றும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பேஸ்மென்ட்டில் குடியிருக்கும் வாசகர்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைச் செய்யலாம்: இணையத்தில் பொருள் வாங்கும்போது வீட்டு எண்ணோடு நிறுத்திவிடாமல், தங்கள் பகுதிக்கான இலக்கத்தையும் எந்தப் பக்கக் கதவு என்பதையும் முகவரிப் பெட்டியில் சேர்த்து எழுதுங்கள்.